கிரைண்டருக்குப் பட்டை போட்ட கதை

செப்டம்பர் 14, ஞாயிறு

ஜனவரியில் பேங்க்காரர் கொடுத்த டைரியைச் செப்டம்பரில் ஆரம்பிப்பதால் என்னைச் சோம்பேறி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஜனவரியில் எழுதும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. இப்போது நடக்கிறது. கோயமுத்தூர் கணபதியில், எங்கள் பட்டறையின் பின்பக்கத் தகரக் கொட்டகையில், இரும்பையே வழுக்கி விழவைக்கிற எண்ணெய் ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது. இதை நாளைக்குச் சரித்திரம் கேட்கும். சரித்திரத்துக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டுமே!

என் பெயர் ராக்கியப்பன். வயது ஐம்பத்து நான்கு, பார்க்கிறவர்கள் நாற்பது என்பார்கள். படிப்பு ஒன்பதாம் வகுப்பு. ஆனால் அதை இரண்டு தடவை படித்திருக்கிறேன். மேலோட்டமாகப் பத்துக்குத் தாவியவனுக்கும் ஒன்பதை அடிவரை தோண்டிப் பார்த்தவனுக்கும் வித்தியாசம் உண்டு. பட்டறை என் அக்கா தங்கமணியின் வீட்டுக்காரர் சென்னியப்பன் மச்சானுடையது. பேருக்கு அவர் முதலாளி, நடத்துவது நான். அவர் காலையில் பூட்டைத் திறப்பார், வெளியே போய் வேலை பிடித்து வருவார், ஆட்களுக்குச் சம்பளம் கொடுப்பார், மாலையில் பூட்டுவார். மற்றதெல்லாம் நான்தான்.

எண்ணெய் தயாரிக்கிறவள் அவர்கள் மகள் மோகனப்பிரியா. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. சென்னையில் ஓர் எண்ணெய்க் கம்பெனி லேபில் இருந்தாள். இவள் கண்டுபிடிப்பாள், மேலே இருப்பவன் கையெழுத்துப் போடுவான். வெறுத்துப்போய் வேலையை விட்டுவிட்டுச் சித்திரையில் வந்துவிட்டாள். சொந்தமாக எண்ணெய் காய்ச்சுவாளாம். மச்சானுக்கு இது பிடிக்கவில்லை. இன்று சோறு போட்ட இலைக்கு முன்னால் வைத்தே சொல்லிவிட்டார்.

"தீபாவளி வரைக்கும் பாரு, கண்ணு. ஒரே ஒரு கம்பெனி உன்ற எண்ணெய நல்லாருக்குதுன்னு சொல்லட்டும். இல்லாட்டி மெட்ராஸ் வேலைக்கே போயிரோணும். அவனுக இன்னும் கூப்புட்டுட்டுத்தான் இருக்கறானுக."

"செரிங்கப்பா" என்றாள். சொன்னாளே தவிர, அதற்குப் பிறகு இலையில் இருந்த சோற்றை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மிணி எங்கயும் போகமாட்டா மச்சான். நா இருக்கறனல்ல" என்றேன்.

"அதுதாண்டா மாப்ளே எனக்குப் பயமே" என்றார்.

மச்சானுக்கு என்மேல் எப்போதுமே ஒரு பயம் கலந்த மரியாதை.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று நானும் மோகனப்பிரியாவும் சேர்ந்து விஞ்ஞானம் பேசினோம். அவள் பேசினாள், நான் சேர்ந்தேன்.

முதலில் கிரைண்டர் என்றால் என்ன என்று எழுதிவைக்கிறேன். இட்லிக்கு மாவு ஆட்டுகிற கிரைண்டர் அல்ல. இது இரும்பைத் தேய்த்துக் கண்ணாடியாக்குகிற மெஷின். கீழே அசையாமல் கிடப்பது பெட். அதன்மேல் டேபிள் என்கிற கனத்த இரும்புப் பலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழுக்கிப் போய்வரும். இரண்டும் உரசுகிற இடத்துக்குத்தான் இவள் எண்ணெய்.

"டேபிள் வேகமா ஓடறப்ப கஷ்டமே இல்ல மாமா. எண்ணெய் மேலயே மிதந்துட்டுப் போயிரும். மெதுவா நகர்றப்பத்தான் எண்ணெயெல்லாம் பிதுங்கி வெளிய போயி, இரும்பும் இரும்பும் தொடற மாதிரி ஆயிரும். அப்பக் காப்பாத்தறது கண்ணுக்கே தெரியாத ஒரு படலம். அது எண்ணெய்ல இருக்கற ஒரு ஆசிட் இரும்போட ஒட்டி உண்டாகறது."

"ஆசிட்டுன்னா அரிச்சுப்போடாது?"

"அந்த ஆசிட் இல்ல மாமா. வெளக்கெண்ணெய்ல இருந்து எடுக்கறது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தலை ஒண்ணு, நீளமா வால் ஒண்ணு. தலை இரும்பக் கெட்டியாப் புடிச்சுக்கும். வால் மேல பாத்து நிக்கும். கோடிக்கணக்குல பக்கத்துல பக்கத்துல நின்னா எப்படி இருக்கும்?"

"நெல் நாத்து" என்றேன்.

"அதே! கீழ ஒரு வயல், தலைகீழா மேல ஒரு வயல். நாத்தும் நாத்தும் ஒண்ணுமேல ஒண்ணு சாஞ்சு வழுக்கிட்டுப் போகுது. இரும்பும் இரும்பும் தொடறதே இல்ல."

இந்த நாற்று உதாரணம் விஞ்ஞானத்துக்கு நான் கொடுத்தது. அவள் ஏற்றுக்கொண்டாள். அந்த நாற்று முளைக்க நேரமாகும் என்றும், மெஷினைப் பொறுமையாக ஓட்டி ஓட்டித்தான் அதைப் பயிராக்க வேண்டும் என்றும் சொன்னாள். இது எனக்கு ஏற்கெனவே தெரியும். நான் காரமடையில் வேலை பார்த்தபோது ஒரு மெஷினை நாற்பது நாள் இரவு பகலாக ஓட்டியிருக்கிறேன். சரி, நான்கு நாள். அதையும் அவள் கடைசிவரை கேட்டாள். இந்த வீட்டில் என் பேச்சின் கடைசி வாக்கியம்வரை உட்கார்ந்திருக்கிற ஒரே ஜீவன் அவள்தான். அக்கா பாதியில் குக்கரைப் பார்க்கப் போய்விடுவாள். குக்கர் வைக்காத நாளிலும்.

செப்டம்பர் 25, வியாழன்

வஹாப் சார் வந்தார். தடாகம் ரோட்டில் மெஷின் செய்கிற பெரிய கம்பெனியில் தரம் பார்ப்பவர். அவர் தலையாட்டினால்தான் அங்கே ஒரு திருகாணி உள்ளே போகும். மோகனப்பிரியாவின் கொட்டகையைப் பார்த்தார், எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். நான் அந்தக் குறையைத் தீர்த்தேன்.

எங்கள் கிரைண்டர் மைசூர் அரண்மனையில் இருந்தது என்றும், மகாராஜாவின் வாளை அதில்தான் தீட்டினார்கள் என்றும், ஜெர்மனியிலிருந்து ஓர் எஞ்சினியர் என்னைத் தேடி வந்து ஆலோசனை கேட்டுவிட்டுப் போனார் என்றும் சொன்னேன். சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அசந்துவிட்டார்.

"ஆறாந்தேதி வர்றம்மா. உங்க மெஷின்லயே, உங்க எண்ணெயப் போட்டு, மெதுவா ஓட்டிக் காட்டுங்க. டேபிள் தடங்காமப் போச்சுன்னா எங்க கம்பெனில எடுத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மோகனப்பிரியா ஏற்கெனவே வாரக்கணக்காக அவள் எண்ணெயைப் போட்டு மெஷினை ஓட்டிப் பழக்கி வைத்திருக்கிறாள். டேபிள் போவதைப் பார்த்தால் குழந்தை தூக்கத்தில் புரள்வதுபோல இருக்கும். இனி என்ன! ஆறாம் தேதி வெறும் சடங்கு.

செப்டம்பர் 29, திங்கள்

எண்ணெயின் கெட்டித்தன்மைக்குச் சர்ட்டிபிகேட் வாங்க மோகனப்பிரியா சென்னை போகிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். ஆயுத பூஜைக்கு இருக்கமாட்டாள்.

ஸ்டேஷனில் வண்டி ஏறும்போது, "மாமா, கிரைண்டர் பெட்டத் தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அழுக்குக் கையோடு தொடக் கூடாது என்கிறாள். கெட்டிக்காரி.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. பட்டறையில் சாமி கும்பிடுகிற நாள் என்றால் இந்த ஒன்றுதான். மற்ற நாளெல்லாம் நாம் மெஷினிடம் வேலை வாங்குகிறோம். அன்று ஒரு நாள் அதற்கு மாலை போட்டு உட்கார வைக்கிறோம். லேத், டிரில்லிங் மெஷின், வெல்டிங் செட், மச்சானின் ஸ்கூட்டர் எல்லாவற்றையும் ஆட்கள் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார்கள். கிரைண்டரை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. அது நம் வீட்டுப் பெண்ணின் எதிர்காலம். அதை நானே செய்தேன்.

எல்லோரும் போன பிறகு சங்கிலிக் கப்பியை மாட்டி டேபிளைத் தனியாளாகத் தூக்கி ஓரமாக வைத்தேன். எடை ஒரு டன் இருக்கும். சரி, கால் டன். உள்ளே பெட்டில் என்னவோ வழவழவென்று கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு. எவ்வளவு துடைத்தாலும் விரல் வழுக்கிற்று. விடுவேனா! வெந்நீரில் சோடா உப்பைக் கரைத்து, தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்தேன். கடைசியில் விரலை வைத்து இழுத்தால் கீச்சென்று சத்தம் வந்தது, எச்சில் தட்டைக் கழுவிக் கவிழ்த்தால் வருமே, அப்படி. அவ்வளவு சுத்தம்.

பிறகு நெற்றிக்கு இடுவதுபோல விபூதியைக் குழைத்துப் பெட்டின் மேல் முழுநீளத்துக்கும் மூன்று பட்டை. நடுநடுவே சந்தனம், குங்குமம். டேபிளை இறக்கியதும் அது மறைந்துவிடும் என்பது எனக்குத் தெரியாதா? மறைவில் இருப்பதையும் பார்ப்பதால்தானே அது சாமி.

அக்கா வந்து, "என்றா பண்ணுன இத்தன நேரம்?" என்று கேட்டாள். சோடா உப்பு என்று சொன்னால் எடுபடுமா? பன்னீரால் அபிஷேகம் செய்து பட்டுத் துணியால் ஒற்றியெடுத்தேன் என்று சொன்னேன்.

அக்டோபர் 1, புதன்

பூஜை அமோகம். பொரிகடலை, சுண்டல், பூசணிக்காய். கிரைண்டருக்கு நான் செய்த பன்னீர் அபிஷேகத்தைப் பற்றி ஆட்களிடம் விவரமாகச் சொன்னேன். மதியத்துக்குள் அது பன்னீரோடு இளநீரும் பாலும் ஆகியிருந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. வாய்க்கு வாய் போகும்போது அப்படித்தான் ஆகும். இரண்டு வாயும் என்னுடையது என்பது வேறு விஷயம்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. எல்லா மெஷினையும் பேருக்கு ஒரு நிமிஷம் ஓட்டினோம். கிரைண்டரில் அம்மிணியின் எண்ணெயை ஊற்றி நானே ஸ்விட்சைத் தட்டினேன். டேபிள் கொஞ்சம் முனகியது. ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு யார்தான் முனகமாட்டார்கள்?

அக்டோபர் 6, திங்கள்

இன்று நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

மோகனப்பிரியா நேற்று ராத்திரிதான் வந்தாள், மெஷினை ஓட்டிப் பார்க்க நேரமில்லை. சர்ட்டிபிகேட் பிரமாதம். இன்று காலை பத்து மணிக்கெல்லாம் வஹாப் சார் சொந்தமாக டயல் கேஜ் கொண்டுவந்து டேபிளில் பொருத்தினார். டேபிள் ஒரு மயிரிழை தடங்கினாலும் அந்த முள் காட்டிக்கொடுத்துவிடும். மோகனப்பிரியா ஸ்விட்சைப் போட்டு, வேகத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள்.

கீச்.

டேபிள் நின்றது. பிறகு திடுக்கென்று குதித்தது. நின்றது. குதித்தது. தவளை மாதிரி. டயல் முள் பைத்தியம் பிடித்தாற்போல ஆடியது. அவள் எண்ணெய்க் குழாயைப் பார்த்தாள், அழுத்தத்தைப் பார்த்தாள், முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தாள். நான் டயல் கேஜைப் பார்த்தேன்.

"கேஜ்ல கோளாறுங்க சார். இல்லாட்டி வோல்டேஜு. பொறவு இந்த எதுத்த வீட்டுக்காரன் கண்ணு இருக்குது பாருங்க..." என்று எடுத்துச் சொன்னேன்.

வஹாப் சார் கேஜைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். "மெதுவா ஓடறப்ப தாங்கலம்மா. எண்ணெய் செட்டாகல. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். நல்ல மனிதர். நல்ல மனிதராக இருந்ததுதான் இன்னும் மோசமாக இருந்தது.

ஓரத்தில் வழிந்த எண்ணெய் சாம்பல் நிறத்தில் கெட்டிப்பட்டிருந்தது. "திரிஞ்சு போயிருச்சு. என்ற எண்ணெய் திரிஞ்சு போயிருச்சு" என்று மட்டும் அவள் சொன்னாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

உதவியாக இருக்கட்டும் என்று கிரைண்டரைப் பிரித்துத் துடைத்து, அந்தச் சாம்பல் எண்ணெயைக் கொண்டுபோய்க் கொட்டினேன். வீட்டில் யாரும் பேசவில்லை. குக்கர் மட்டும் பேசியது.

அக்டோபர் 8, புதன்

மோகனப்பிரியா கேன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எதனால் இப்படி ஆகும் என்று சும்மா கேட்டேன்.

"அந்தப் படலம் உண்டாகல மாமா. முந்தி உண்டாச்சு. இந்தத் தடவ உண்டாகல. நான் கலந்த ஆசிட்டே கெட்டுப்போச்சுன்னுதான் நெனைக்கறேன்."

"வேற எப்படியும் ஆகாதா?"

"ஆகும். யாராச்சும் சோடா மாதிரி காரமான எதையாச்சும் போட்டுக் கழுவி அந்தப் படலத்த உரிச்சுட்டா ஆகும். சாம்பல், சுண்ணாம்பு இப்படி எதாச்சும் எண்ணெய்ல விழுந்து அந்த ஆசிட்டத் தின்னுட்டாலும் ஆகும். இங்க யாரு அப்படியெல்லாம் பண்ணப் போறாங்க? பட்டறைல வளந்தவங்க யாரும் பண்ணமாட்டாங்க."

"பண்ணமாட்டாங்க" என்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

பசியில்லை. மூன்று தோசை.

அக்டோபர் 10, வெள்ளி

ராத்திரிச் சாப்பாட்டின்போது, "பதினஞ்சு நாள்ல வந்து சேந்துக்கறேன்னு சென்னைக்குப் போன் பண்ணிட்டேன்" என்றாள் மோகனப்பிரியா. மச்சான் தலையாட்டினார். அக்கா ரசத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே திரும்ப எழுத வேண்டியதில்லை. சோடா உப்பிலிருந்து குங்குமம்வரை எல்லாம் சொன்னேன். எண்ணெயில் குற்றமில்லை, குற்றம் என் கையில் என்று சொன்னேன்.

அக்காவின் கரண்டி நின்றது. பிறகு மச்சான் சிரித்தார். "ஏண்டா மாப்ளே, அன்னைக்குப் பன்னீருன்னே. ஆயுத பூஜைக்குப் பாலுன்னே. இன்னைக்குச் சோடா உப்பா? நாளைக்கு என்ன, கங்கைத் தண்ணியா?"

"பட்டுத்துணின்னியேடா எங்கிட்ட" என்றாள் அக்கா.

"அது சும்மா சொன்னதுக்கா! இது நெசம்!"

"புள்ளைக்கு மனசு ஆறட்டும்னு சொல்றான் பாவம்" என்று அக்கா மச்சானிடம் சொன்னாள். என்னைப் பற்றி அவள் பெருமையாகப் பேசியது என் நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. அதுவும் தப்பான இடத்தில்.

மோகனப்பிரியாவைப் பார்த்தேன். அவள் விஞ்ஞானி, அவளாவது நம்புவாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"மாமா, உங்க கதையெல்லாம் நான் கேட்டிருக்கேன். புடிச்சுத்தான் கேட்டிருக்கேன். ஆனா இது வேண்டாம். நான் தோத்துட்டேன். எல்லாரும் அத நேராச் சொல்லிட்டாங்க. நீங்களும் சொல்லிருங்க. முந்தாநாள் நான் சொன்ன சோடாவையும் சாம்பலையும் வெச்சு எனக்காக ஒரு கதை கட்டாதீங்க."

எழுந்து உள்ளே போய்விட்டாள். கடைசி வாக்கியம்வரை உட்காரவில்லை.

அத்தாட்சி காட்டலாம் என்றால் அந்தச் சாம்பல் எண்ணெயைக் கொட்டியவனும் நான்தான். ஐம்பத்து நான்கு வருஷமாக எதைச் சொன்னாலும் பாதியாவது நம்புவார்கள். கூட்டாமல் குறைக்காமல் ஒன்றைச் சொன்னேன், முழுசாகத் தள்ளிவிட்டார்கள்.

அக்டோபர் 11, சனி

வஹாப் சாரின் கம்பெனிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் வாசலிலிருந்தே காரில் கூட்டிப்போனார்கள் என்று எழுதலாம். வாட்ச்மேன் ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார் என்பதையும் எழுதலாம். இரண்டாவதையே எழுதுகிறேன்.

சார் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் உங்களத் தப்பாச் சொல்லலீங்க. ஆனா நீங்க சொல்றதுல எத எடுத்துக்கறது, எத விடறது? அந்த மெஷின் மைசூர் அரண்மனைல இருந்துதுன்னீங்களே?"

"இல்லீங்க. சிங்காநல்லூர்ல ஒரு மில்லு ஏலத்துல எடுத்தது."

"மகாராஜா வாளு?"

"கத்திரிக்கோல்கூடத் தீட்டலீங்க."

"ஜெர்மன்காரர் வந்தாருன்னீங்க?"

"வந்தாருங்க." இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "நெசமாலுமே வந்தாரு. வழி கேட்டாரு."

வஹாப் சாரின் உதடு லேசாகத் துடித்தது.

"தப்பா வழி சொல்லிட்டனுங்க" என்று அதையும் சேர்த்தேன்.

ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் கேட்டார். ஒவ்வொன்றாக இறக்கிவைத்தேன். கடைசியில் அந்த நாற்காலியில் ஒன்பதாம் வகுப்பு பெயிலான ஓர் ஆள் மட்டும் உட்கார்ந்திருந்தான். பேச்சுவார்த்தையில் எதிராளியை இளக வைக்க இது ஒரு தந்திரம். பெரிய வக்கீல்கள் எல்லாம் செய்வது.

"நீங்க என்னைய நம்ப வேண்டாங்க சார். மெஷின நம்புங்க. உங்க மெஷின் ஒண்ணு, உங்க எண்ணெய் ஒண்ணு குடுங்க. நா அன்னைக்குப் பண்ணுனத அப்படியே பண்றன். சத்தம் வரலீன்னா இந்த கேட்டுப் பக்கம் எட்டிப் பாக்கமாட்டன். வந்துச்சுன்னா, அந்தப் புள்ளைக்கு இன்னொரு தடவ மட்டும் எடம் குடுங்க."

"எங்க எண்ணெய் வெளிநாட்டுச் சரக்குங்க" என்றார்.

"அதுக்கும் சாமிதானுங்க சார் காப்பாத்தோணும்."

இப்போது சிரித்தேவிட்டார். பழைய மெஷின் ஒன்று ஓரமாக இருக்கிறதாம். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்.

அக்டோபர் 14, செவ்வாய்

விபூதி, சந்தனம், குங்குமம், சோடா உப்பு, தேங்காய் நார் எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு போனேன். வஹாப் சார் மோகனப்பிரியாவுக்கும் போன் பண்ணியிருக்கிறார். மச்சானும் அவளும் எனக்கு முன்பே வந்து நின்றார்கள். அவள் என்னோடு பேசவில்லை. மச்சான், "மாப்ளே, ஊரு மானத்த வாங்கீராத. வா, போயிர்லாம்" என்று காதில் சொன்னார்.

மெஷினைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். டீ நேரம் வேறு.

"ஏனுங்க, ஆயுத பூஜ முடிஞ்சு தீபாவளியே வரப்போகுது. உங்களுக்கு இப்பத்தான் காலண்டர் கெடைச்சுதா?" என்றான் ஒருவன்.

"சுண்டல் இல்லாம என்னங்க பூஜ?" என்றான் இன்னொருவன்.

முதலில் அவர்கள் மெஷினை அவர்கள் எண்ணெயோடு அப்படியே ஓட்டிக் காட்டினார்கள். வெண்ணெய். சத்தமே இல்லை. பிறகு டேபிளைத் தூக்கினார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். சோடா உப்பைக் கரைத்து, நாரால் தேய்த்து, விரல் கீச்சிடும்வரை கழுவினேன். விபூதியைக் குழைத்து மூன்று பட்டை போட்டேன். கூட்டத்தில் யாரோ ஒரு மூத்த ஆள், "அட, நெசமாலுமே உள்ளுக்குள்ள பூசறானப்பா!" என்றார். இதுவரை எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன். இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் என்னை முட்டாளாகப் பார்த்தது கிடையாது. என் காது சுட்டது. பட்டறைச் சூடு.

டேபிளை இறக்கி, அவர்களுடைய வெளிநாட்டு எண்ணெயை ஊற்றி, வஹாப் சாரே ஸ்விட்சைப் போட்டு வேகத்தைக் குறைத்தார்.

டேபிள் போனது. வந்தது. போனது. வந்தது. சத்தமில்லை.

மச்சான் கீழே பார்த்தார். நான் சாமியைப் பார்த்தேன். அதாவது கூரையைப் பார்த்தேன். பழைய தகரக் கூரை, ஓர் இடத்தில் ஒட்டடை. வஹாப் சார் இன்னும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தார்.

கீச்.

நின்றது. குதித்தது. கீச். நின்றது. குதித்தது. தவளை! அதே தவளை! அதைவிட இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை. "வந்துருச்சு! கெட்டுப்போச்சு! கெட்டுப்போச்சு!" என்று கத்திக்கொண்டு கைதட்டினேன். ஒரு மெஷினைக் கெடுத்துவிட்டு அப்படிக் குதித்தவன் அந்தக் கம்பெனி வரலாற்றிலேயே நான்தான் என்று பிறகு சொன்னார்கள்.

மோகனப்பிரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஓரத்தில் வழிந்த எண்ணெயை விரலில் எடுத்தாள். சாம்பல் நிறம். தேய்த்தாள், மோந்தாள். முகம் மாறியது.

"சோப்பு!" என்றாள். "சார், இது சோப்பு! விபூதியில இருக்கற சுண்ணாம்பும் காரமும் எண்ணெய்ல இருக்கற ஆசிட்டோட சேந்து சோப்பாயிருச்சு. இரும்பப் புடிச்சுக்கறதுக்கு ஆசிட் மிச்சமே இல்ல. உங்க எண்ணெய்லயும் அதே குடும்பத்து ஆசிட்தான் இருக்கு. எந்த எண்ணெயா இருந்தாலும் இதான் ஆகும். அன்னைக்குத் திரிஞ்சது என்ற எண்ணெய் இல்ல சார்!"

பிறகு என் பக்கம் திரும்பினாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நிமிர்ந்து நின்றேன்.

"பெட்டத் தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே மாமா போனேன்!" என்று பையில் இருந்த தேங்காய் நாரை எடுத்து என் தோளில் ஒரு போடு போட்டாள். அப்புறம் அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்புதான். சட்டை நனைந்தது.

வஹாப் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஆக, நீங்க சொன்னதுல ஒண்ணு உண்மைங்க" என்றார்.

"ரெண்டுங்க. ஜெர்மன்காரரும் உண்மை" என்றேன்.

அக்டோபர் 16, வியாழன்

கம்பெனியின் அந்தப் பழைய மெஷினையே முறையாகச் சுத்தம் செய்து, மோகனப்பிரியா தன் எண்ணெயை ஊற்றி, இரண்டு நாளாகப் பொறுமையாக ஓட்டிப் பழக்கினாள். இன்று சாயங்காலம் வஹாப் சார் டயல் கேஜை வைத்தார். குறைத்தார். இன்னும் குறைத்தார். டேபிள் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாத வேகம். முள் திடுக்கிடவில்லை. எறும்பு ஊர்கிற மாதிரி ஒரே சீராக ஊர்ந்தது.

"எடுத்துக்கறோம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதிகம் பேசாத மனிதர். இந்தத் தடவை அந்தக் குறையை நான் தீர்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தடாகம் பக்கம் செங்கல் சூளைப் புகை அதிகம்.

வீட்டுக்கு வந்ததும் மோகனப்பிரியா சென்னைக்குப் போன் பண்ணி, வரவில்லை என்று சொன்னாள். மச்சான் கேட்டும் கேட்காததுபோலப் பேப்பரைப் பிரித்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பொள்ளாச்சியிலிருந்தும் அவிநாசியிலிருந்தும் சொந்தமெல்லாம் வந்துவிட்டது. பலகாரம் முடிந்ததும், "என்னமோ எண்ணெய் எடுத்துக்கிட்டாங்களாமா? என்ன நடந்துச்சு, சொல்லு ராக்கி" என்று பொள்ளாச்சிப் பெரியப்பா மகன் கேட்டார்.

மோகனப்பிரியா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நடந்தத அப்படியே சொல்லுங்க மாமா. அதுவே போதும்" என்றாள்.

சரி என்று அப்படியே சொன்னேன். சோடா உப்பு, தேங்காய் நார், மூன்று பட்டை, பெஞ்சில் காத்திருந்தது, ஊரான் கம்பெனியில் போய் இன்னொரு தடவை பூசியது, தவளை, சோப்பு. ஒரு சொல் கூட்டவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, குக்கர் விசிலடித்தும் அக்கா எழுந்துபோகவில்லை.

முடித்தேன். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடப் போடா! விபூதி பூசுனா மெஷின் நிக்குமாக்கும்!" என்றார் பெரியப்பா மகன்.

"எவனாச்சும் சொந்த மெஷினக் கெடுக்கறதுக்கு உன்னையக் கூப்புட்டு எடம் குடுப்பானா?" என்றாள் அவிநாசி அத்தை.

"அம்மிணி, நீ சொல்லு கண்ணு. இவன் சொல்றது நெசமா?" என்று அவளே கேட்டாள்.

மோகனப்பிரியா முறுக்கை ஒடித்தாள். "எல்லாம் நெசம். ஒரு எழுத்து மாறாம நெசம்" என்றாள்.

"மாமன விட்டுக்குடுக்கமாட்டாளே!" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? நான் வஹாப் சாரின் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது, மலையடிவாரத்திலிருந்து ஒரு கொம்பன் யானை இறங்கிவந்து, கம்பெனி கேட்டை முட்டித் திறந்து, அந்தக் கீச் சத்தத்தைக் கேட்டதும் மிரண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது என்று சேர்த்தேன்.

"தடாகம் பக்கமாச்சே! யானை வரும், வரும்" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். மோகனப்பிரியாவும் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள்.